பதின்மூன்று, பதினான்கு வயதில் டி.ஜே. நைட்டா? யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் கேள்விகளும் ஒரு சவுண்ட்காரரின் பதில்களும்

இருபது வருடமாக யாழ்ப்பாணத்தில் ஒலி, ஒளி அமைக்கிற தொழில் செய்கிறேன். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பெண்பிள்ளை வயதுக்கு வந்ததற்குச் செய்கிற சாமத்திய வீடு, பாடசாலை விழா, ஹோட்டல் டி.ஜே. என்று நான் ஸ்பீக்கர் இறக்காத இடம் குறைவு. வீட்டில் 14 வயதில் ஒரு மகள். போன வருடம் ஒரு நாள் போனைக் கொண்டுவந்து ஒரு போஸ்டரைக் காட்டினாள். "13 முதல் 17 வயது வரை மட்டும். மது இல்லை. டி.ஜே., லேசர், நுரை" என்று போட்டிருந்தது.

"அப்பா, போகட்டா?"

"ஏலாது."

"ஏன்?"

அந்த "ஏன்" என்பதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதே மாதிரி இன்னொரு நிகழ்ச்சிக்கு நானே ஸ்பீக்கர் கொடுக்க அட்வான்ஸ் வாங்கியிருந்தேன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பிறகு ரியூசன் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கிற தாய் தகப்பன்மாரும் இதையே கேட்கத் தொடங்கினார்கள். தொழில்காரன், உள்ளே நடப்பது தெரிந்தவன் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இது என்ன நிகழ்ச்சி? நைட் கிளப்பா?

நைட் கிளப் என்றால் வளர்ந்தவர்கள் இரவில் குடித்து ஆடுகிற இடம். அந்த இடத்தை, அல்லது அதே மாதிரி இருட்டும் லைட்டும் பேஸும் வைத்த ஒரு மண்டபத்தை, சில மணி நேரம் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் திறந்துவிடுவதுதான் இது. பாரில் சாராயத்துக்குப் பதில் சோடா இருக்கும். வெளிநாடுகளில் பல காலமாக நடக்கிறது. இங்கே பெரும்பாலும் ஹோட்டல் மண்டபம், கல்யாண மண்டபம், சில வேளை திறந்த வளவு. பெயர் மட்டும் "டீன் நைட்", "டி.ஜே. நைட்", "நியோன் பார்ட்டி" என்று மாறும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். விடலாமா, கூடாதா?

ரிக்கெற் விற்று நடத்துகிற, யார் நடத்துகிறார் என்று தெரியாத இரவு நிகழ்ச்சிக்கு 15 வயதாகாத பிள்ளையை நான் விட மாட்டேன். 15, 16 வயதுப் பிள்ளை என்றால் மண்டபத்தையும் நடத்துபவரையும் நேரில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிவர நானே போவதாக இருந்தால் விடுவேன். தெரிந்த ஆட்கள் பின்னேரம் நடத்துகிற நிகழ்ச்சி என்றால் 13 வயதிலும் போகட்டும்.

ஆடுவதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. என் பயமெல்லாம் மண்டபத்தின் கதவிலும் அதற்குப் பிறகு வருகிற வீதியிலும்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் கலாசாரத்துக்கு இது ஒத்துவருமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் மூன்று பேருடைய வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு நான்தான் டி.ஜே. செட் கட்டினேன். ஒரு வீட்டில் 12 வயதுப் பிள்ளையை ஏழு மணி நேரம் பட்டுச்சேலையில் மேடையில் இருத்திவிட்டு, முன்னால் மாமன்மார் பியர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கலாசாரம் என்று சொல்லுமுன் அதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பிக் மட்ச் எடுங்கள். யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவருகிற கிரிக்கெட் போட்டி, வடக்கின் பெரும் போர். மார்ச் மாதம் வந்தால் பத்தாம் வகுப்புப் பொடியன்கள் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறி, பப்பரே வாத்தியம் அடித்து, நகரத்தையே சுற்றி வருகிறார்கள். அதுவும் கூட்டம், சத்தம், ஆட்டம்தான். நாங்கள் அதைப் பாரம்பரியம் என்கிறோம். அதைக் கூடாது என்று சொல்ல வரவில்லை, நானும் ஏறி ஆடியவன்தான். பாட்டுக்கு ஆடுவதைப் புதிதாக வந்த நோய் மாதிரிப் பேசாமல் இருந்தால் பிள்ளைகள் நம் மற்றப் பேச்சையாவது கேட்பார்கள்.

பொடியனை விடுகிறோம், பெட்டையை விடுவதில்லை. அது சரிதானே?

சரியில்லை. ஆனால் நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. என் அண்ணன் மகனுக்கு 15 வயது, அவன் எங்கே போகிறான் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து மண்டப வாசலில் நான் கண்ட அடிபிடி, வாந்தி, மோட்டார் சைக்கிள் விழுந்த காயம் எல்லாமே அநேகமாகப் பொடியன்களுடையவை. பெண்பிள்ளைக்கு வேறு ஆபத்து உண்டு, அது உண்மை. அதற்காகப் பொடியனுக்கு ஆபத்தே இல்லை என்று விட்டுவிடுவது கண்ணை மூடிக்கொள்கிற வேலை. இருவருக்கும் ஒரே நிபந்தனை வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டத்தின்படி, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாது. பலர் 18 என்று நினைக்கிறார்கள், நம் நாட்டில் 21. மூடிய பொது இடத்தில் புகைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது.

சத்தத்துக்கும் எல்லை உண்டு. 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த கட்டளைப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது. எனவே பிள்ளைகள் நிகழ்ச்சி "இரவு 12 வரை" என்று ஒரு போஸ்டர் சொன்னால், அந்த ஆள் அனுமதி எடுத்தாரா என்று முதலில் கேளுங்கள். அனுமதி எடுக்காதவர் மற்ற விடயங்களில் மட்டும் ஒழுங்காக இருப்பார் என்று எதிர்பார்க்க ஏலாது.

இன்னொன்று. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை "ஓம்" என்று சொன்னாலும் பாலியல் விடயத்தில் சட்டம் அதைச் சம்மதமாக எடுக்காது. நிகழ்ச்சிக்குள் 20, 22 வயது ஆட்கள் "வொலன்ரியர்" என்ற பெயரில் கலந்து நின்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

"மது இல்லை" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்களே?

பாரில் இருக்காது. அதை நம்பலாம். ஆனால் பிள்ளைகள் குடிக்கிற இடம் பார் இல்லை. தண்ணீர்ப் போத்தலுக்குள் ஊற்றிக் கொண்டுவருவது, பக்கத்து ஒழுங்கையில் நின்று குடித்துவிட்டு உள்ளே வருவது, இடையில் வெளியே போய்த் திரும்புவது என்று மூன்று வழி இருக்கிறது. கடையில் வாங்கிக் கொடுப்பது எப்போதும் ஓர் "அண்ணை".

அதனால் நான் நடத்துபவரிடம் "மது இருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "வெளியே போன பிள்ளை திரும்ப உள்ளே வரலாமா?" என்று கேட்கிறேன். "வரலாம்" என்று பதில் வந்தால் அங்கே மது உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடத்துகிற இடங்களில் வெளியே போனால் போனதுதான், அதுவும் பெற்றோர் வந்தால் மட்டும்.

ஐஸ், போதைக் குளிசை, மாவா என்கிற போதைப் பாக்கு எல்லாம் அங்கேதான் பழகுகிறார்கள் என்கிறார்களே?

பழகுவதற்கு டி.ஜே. நைட் தேவையில்லை என்பதுதான் வருத்தமான பதில். இங்கே இருக்கிற எங்களுக்கு அது தெரியும், பாடசாலைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் மாவா சுற்றிக் கொடுத்த கதைகளைக் கேட்டவர்கள்தானே. இருட்டு, கூட்டம், தெரியாத ஆள் மூன்றும் ஓர் இடத்தில் சேர்ந்தால் விற்பவனுக்கு வசதி, அதையும் மறுக்கவில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தி ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைனைக் கடத்துவதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். 5 கிராம் போதும். "இதைக் கொஞ்சம் பையில் வைத்திரு" என்று ஒருவன் கொடுத்தால் வாங்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு அந்த எண்ணோடு சொல்லுங்கள். அறிவுரையை மறப்பார்கள், எண்ணை மறக்க மாட்டார்கள்.

மூடி திறந்த சோடாவை மேசையில் வைத்துவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைக் குடிக்க வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கட்டும்.

அப்படியென்றால் உண்மையில் எதற்குத்தான் பயப்படுவது?

கதவுக்கு. சிரிக்க வேண்டாம்.

1998 ஒக்டோபர் மாதக் கடைசியில் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இளம்பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஒரு மண்டபத்தில் தீப்பிடித்தது. 63 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளைகள். 150 பேருக்கு அனுமதி இருந்த மண்டபத்துக்குள் 400க்குக் கிட்ட இருந்தார்கள். வெளியேறும் வழி இரண்டு. அதில் ஒன்றின் படிக்கட்டில் கதிரை மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தீ வைக்கப்பட்டதே அங்கேதான். மிச்சம் ஒரு கதவு.

இதை வாசித்த அன்று நான் என் மண்டபங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு எடுத்த பிளாஸ்ரிக் கதிரைகளை எங்கே அடுக்குவோம்? பின் கதவடியில். வேறு எங்கே இடம்? அந்தக் கதவை எத்தனை தரம் நானே ஸ்பீக்கர் பெட்டியால் மறைத்திருக்கிறேன்! களவாக ஆள் வரக்கூடாது என்று மண்டபக்காரர் அதற்குப் பூட்டும் போட்டுவிடுவார். திறப்பு அவர் வீட்டில் இருக்கும்.

2018 டிசம்பரில் இத்தாலியின் கொரினால்டோவில் ஒரு கிளப்பில் யாரோ மிளகாய்ப்புகை மாதிரி கண்ணெரிக்கிற ஸ்பிறே அடித்தார்கள். எல்லாரும் ஒரு கதவுக்கு ஓடினார்கள். வெளியே இருந்த தடுப்புச் சுவர் உடைந்து ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழ, ஐந்து பதின்ம வயதுப் பிள்ளைகளும், மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாயும் இறந்தார்கள். அடுத்த வருடம் மார்ச் 17, வட அயர்லாந்தில் குக்ஸ்டவுன் என்ற ஊரில் ஹோட்டல் டிஸ்கோ ஒன்றுக்கு வெளியே வரிசையில் நின்ற கூட்டம் நெருக்கியடித்ததில் 16, 17 வயதுப் பிள்ளைகள் மூன்று பேர் போய்விட்டார்கள். உள்ளேகூடப் போகவில்லை, வாசலில்.

இந்த மூன்று இடத்திலும் பிள்ளைகளைக் கொன்றது குடியோ காதலோ இல்லை. ஒரு சதுர மீற்றருக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கினால் எவருக்கும் தன் காலில் நிற்கிற கட்டுப்பாடு இருக்காது, கூட்டம் தண்ணீர் மாதிரி அலையும். நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சு அடைக்கும். 13 வயதுப் பெட்டை 17 வயதுப் பொடியனைவிட உயரத்தில் நல்லாகக் குறைவு. சின்னப் பிள்ளையின் முகம் மற்றவனுடைய நெஞ்சுக்கு நேரே வந்துவிடலாம். வயதைப் பற்றி நான் கண்டிப்பாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

நம் ஊருக்கு இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்கு 2024 பெப்ரவரி 9 நினைவிருக்கும். முற்றவெளியில் ஹரிஹரன் இசை நிகழ்ச்சி. சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வர, நிகழ்ச்சியை இடையில் நிறுத்த வேண்டிவந்தது. அது திறந்த வெளி. நாலு பக்கமும் ஓட இடம் இருந்தது. அதையே நாலு சுவருக்குள் வைத்து யோசித்துப் பாருங்கள்.

மண்டபத்தில் நான் எதைப் பார்க்க வேண்டும்? எனக்கு இதெல்லாம் தெரியாதே.

தெரிய வேண்டியதில்லை. நிகழ்ச்சி அன்று மதியம் ஒருக்கால் போங்கள், நாங்கள் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருப்போம். எத்தனை கதவு என்று எண்ணுங்கள். இரண்டாவது கதவைக் கையால் தள்ளித் திறந்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். திறக்கவில்லை என்றால் அன்றிரவு பிள்ளையை அனுப்ப வேண்டாம், ரிக்கெற் காசு போனால் போகட்டும். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மழை என்று விறாந்தைக்குள் இழுத்து வைத்திருந்தால் அதன் புகை மண்டபத்துக்குள்தான் போகும், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. கூரையில் துணியும் காய்ந்த ஓலையும் தொங்கவிட்டு, கீழே வாணம் மாதிரிப் பொறி கக்குகிற கருவி வைத்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பிறகு நடத்துபவரிடம் இரண்டு கேள்வி. எத்தனை ரிக்கெற் அச்சடித்தீர்கள்? வயதை எப்படிப் பார்ப்பீர்கள்? முதல் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராமல் "அது பிரச்சினை இல்லை அண்ணை" என்று வந்தால் பிரச்சினை அங்கேதான். இரண்டாவதற்குப் பதில், 13 வயதுப் பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை என்பதை அவர் யோசித்திருக்கிறாரா என்று காட்டிவிடும்.

ஒருமுறை ஒரு மண்டபத்தில் 300 என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எட்டு மணிக்குள் 500 தாண்டிவிட்டது. வேர்வையில் சுவர் நனைந்து மிக்சருக்குள் தண்ணீர் சொட்டியது. நான் பாட்டை நிறுத்திவிட்டு லைட்டைப் போட்டேன். எனக்குக் கிடைத்த ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. மிச்சக் காசும் தரவில்லை.

சத்தம் காதைக் கெடுக்குமா?

கெடுக்கும். என் காதே சாட்சி. இரவில் அமைதியானால் இடது காதில் ஒரு விசில் கேட்கும், பத்து வருடமாக.

காதின் உள்ளே நத்தைச் சுருள் மாதிரி ஒரு பகுதியில் நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவைதான் ஒலியை நரம்புக்குக் கொடுப்பவை. செத்தால் திரும்ப முளைக்காது. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு 75தான். 3 டெசிபெல் கூடுகிற ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபெல்லுக்கு வந்தால் பெரியவருக்கே ஒரு வாரத்துக்குரிய பங்கு இருபது நிமிடமளவில் முடிந்துவிடுகிறது. அதே நிறுவனம் 2022இல் இசை நடக்கிற இடங்களுக்கு ஓர் அளவு வைத்தது: 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, சத்தம் குறைந்த ஒரு மூலை இருக்க வேண்டும், காதடைப்பான் கொடுக்க வேண்டும்.

இங்கே டி.ஜே.மார் 100இல் நிற்பதில்லை. "அண்ணை, பேஸ் காணாது" என்பார்கள். சின்ன மண்டபத்தில் இரண்டு பெரிய பேஸ் பெட்டி வைத்தாலே நெஞ்சு அதிரும். கை நீட்டுகிற தூரத்தில் நிற்பவருக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தால் சத்தம் மிஞ்சிவிட்டது. பார்மசியில் பஞ்சு மாதிரி காதடைப்பான் இருக்கும், வாங்கிக் கொடுங்கள். பிள்ளை போட மாட்டாள், வெட்கம். அப்படியென்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல் பின்பக்கமாக நிற்கவும், அரை மணிக்கு ஒருக்கால் வெளி விறாந்தைக்கு வரவும் சொல்லுங்கள்.

மின்னி மின்னி எரிகிற லைட்?

வலிப்பு வந்த பிள்ளை என்றால் வைத்தியரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவுக்கு மின்னுகிற லைட் அதைத் தூண்டும், பிள்ளைகளிலும் இளையவர்களிலும்தான் அது கூட. மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

வெளிநாட்டில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் போகிறார்களே. அங்கே எப்படி?

அங்கே விட்டது விட்டபடி இல்லை. ஜேர்மனியில் இருக்கிற மச்சாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த நாட்டு இளையோர் பாதுகாப்புச் சட்டப்படி, பெற்றோரோ அவர்கள் பொறுப்புக் கொடுத்த ஆளோ கூட வராவிட்டால் 16 வயதுக்குக் குறைந்தவரைப் பொது ஆட்ட நிகழ்ச்சிக்குள் விட ஏலாது. 16 ஆனவர் இரவு 12 வரை நிற்கலாம். அங்கீகாரம் பெற்ற இளையோர் அமைப்பு நடத்தினால் விலக்கு உண்டு: 14க்குக் குறைந்தவர் 10 மணி வரை, 14, 15 வயதினர் 12 மணி வரை. யார் நடத்துகிறார் என்பதைப் பார்த்து எல்லையை மாற்றுகிறார்கள். இது எனக்குப் பிடித்தது.

அவுஸ்திரேலியாவில் இன்னொரு வழி. 1976இல் விக்டோரியா மாநிலப் பொலிஸார் தாங்களே பிள்ளைகளுக்கு டிஸ்கோ நடத்தத் தொடங்கினார்கள். பொலிஸ் வாகனத்தின் நீல லைட்டை வைத்து "புளூ லைட் டிஸ்கோ" என்று பெயர். மது இல்லை, போதை இல்லை, வாசலில் பொலிஸ். இங்கே பொலிஸ் டிஸ்கோ நடத்தினால் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்பது வேறு கதை. எங்கள் வயதுக்காரருக்குச் சீருடை கண்டால் இன்னும் வயிறு கலங்கும்.

போட்டோ, வீடியோ வெளியே போய்விட்டால்?

இது நம் ஊருக்கே உரிய வியாதி. ஆடுகிற பிள்ளையின் முகத்தைப் போனில் எடுத்து, "யாழில் சீரழியும் கலாசாரம்" என்று தலைப்புப் போட்டு பேஸ்புக்கில் விடுகிற பக்கங்கள் இருக்கின்றன. அதன் கீழே கருத்துப் போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பிள்ளையின் தகப்பன் வயதுக்காரர். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை எப்படி வகுப்புக்குப் போகும்?

நடத்துபவர் படம் எடுத்து விளம்பரத்துக்குப் போடுவாரா என்று கேளுங்கள். முகம் தெரிகிற படம் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். படத்தை வைத்து யாராவது பிள்ளையை மிரட்டினால் 1929க்கு அடியுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணி நேரமும் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல், அப்படி ஒன்று நடந்தால் உங்களிடம் வந்து சொல்கிற துணிவு பிள்ளைக்கு இருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்குகிற வீட்டில் எந்தப் பிள்ளையும் வந்து சொல்லாது.

முடிந்த பிறகு வீட்டுக்கு வருவது?

தாய் தகப்பன் போய்க் கூட்டி வர வேண்டும். "சிநேகிதியின் அண்ணா கொண்டுவந்து விடுவார்" என்பதை ஏற்க வேண்டாம். பண்ணைப் பாலத்தில் இரவு பத்தரைக்கு ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், ஹெல்மெட் ஒன்றும் இல்லாமல் போவதை நான் லொறியில் இருந்து எத்தனை தரம் கண்டிருக்கிறேன். ஓட்டுபவனுக்கு லைசென்ஸ் எடுக்கிற வயதுமில்லை. முடிகிற நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னரே போய் நில்லுங்கள். வாசலில் நின்றால் பிள்ளைக்கு வெட்கம் என்றால் நூறு அடி தள்ளி நில்லுங்கள், ஆனால் நில்லுங்கள். அம்புலன்ஸ் தேவைப்பட்டால் 1990, இலவசம். பொலிஸுக்கு 119.

வீட்டில் ஒரு குறிப்புச் சொல் வைத்திருக்கிறோம். மகள் போனில் "அம்மம்மாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டால் "இப்பவே வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" என்று அர்த்தம். காரணம் அன்றிரவு கேட்பதில்லை.

பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டால்?

ரியூசன் என்று சொல்லிப் போவார்கள். நாங்களும் ராஜா தியேட்டருக்கு அப்படித்தான் போனோம். பிடிபட்டால் கோபம் வரும், வரட்டும், ஆனால் அடிக்க வேண்டாம், போனைப் பறித்து உடைக்கவும் வேண்டாம். உடைத்தால் அடுத்த முறை உங்களைக் கூப்பிட அவளிடம் போன் இருக்காது. எங்கே, யாரோடு, எப்படித் திரும்பினாய் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனையைப் பிறகு பார்க்கலாம்.

"எல்லாரும் போகினம், நான் மட்டும்தான் இல்லை" என்கிறாள்.

எல்லாரும் போவதில்லை. அவளுடைய நாலு சிநேகிதிகளின் தாய்மாருக்கு அடியுங்கள். மூன்று வீட்டில் "உங்கட மகள் போறா எண்டுதானே எங்கட ஆளும் கேட்குது" என்பார்கள்.

வேறு என்னதான் செய்வார்கள்? இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஓர் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. காலை பாடசாலை, பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். ஓ.எல். முடிந்தால் அடுத்த நாளே ஏ.எல். வகுப்பு. மிச்ச நேரம் நல்லூரடியில் ஐஸ்கிரீம், கார்கில்ஸ் தியேட்டரில் ஒரு படம். கையில் காசு இருக்கிற பிள்ளைக்குத்தான் அதுவும். நாங்கள் இடம் கொடுக்காததால்தான் ரிக்கெற் அடிக்கிறவன் இடம் கொடுக்கிறான்.

ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, பேப்பர் வாசிக்க மூன்று பேர் வருவார்கள். விளையாட்டுக் கழகங்களுக்கு மைதானமும் லைட்டும் இருக்கின்றன. பின்னேரம் 4 மணி தொடக்கம் 8 மணி வரை. கதவு திறந்தபடி. நாலு தாய்மார் றோல்ஸும் சர்பத்தும் போடட்டும். 60 பிள்ளைக்கு மேல் வேண்டாம். சவுண்டுக்கு என்னைப் போல ஒருவர் செலவுக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வருவார். பாட்டைப் பிள்ளைகளே போடட்டும், அதில் கை வைக்கக் கூடாது. கேட்கச் சகிக்காது, தெரியும்.

உங்கள் மகள் கடைசியில் போனாளா?

போகவில்லை. நான் ஸ்பீக்கர் கொடுக்கவிருந்த மற்ற நிகழ்ச்சிக்கு முதல் நாள் மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன், பின் கதவு பூட்டு. திறப்பு கேட்டேன், தரவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மகளிடம் அதைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, மூன்றாம் நாள் "பூட்டு உண்மையாவே இருந்ததோ?" என்று கேட்டாள்.

ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஒழுங்கைச் சனசமூக நிலையத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்கு நான்தான் செட் கட்டினேன். லைட் ஆறு, ஸ்பீக்கர் இரண்டு, பேஸ் பெட்டி ஒன்று. மிக்சரில் 90 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி அமைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் மகள் வந்தாள்.

"அப்பா, நீங்கள் இதில நிண்டா ஒருத்தரும் ஆட மாட்டினம். வெளியில கதிரை போட்டு இருங்கோ."

படலையடியில் கதிரையைப் போட்டேன். அங்கிருந்து இரண்டு கதவும் தெரிந்தன.